உயிர்த்தெழுதல்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார் முதற்கண் அம்மதத்தை அதனையுடையார் கொண்டவாறே எடுத்துரைத்தல் வேண்டுமென்பது நம் முன்னோர் வகுத்த முறை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு திறத்தார் கொள்கைகளையும் அவரவர் வாயாற் கூறுவித்த பின்னரே மறுத்தருளினார். கிறித்தவ சமயம் அவற்றுட் சேர்ந்ததன்று. அதனாற்போலும், அச்சமயத்தைக் குறித்து நம்மவர் பேசுமிடத்து இம்முறை பெரிதும் நெகிழ்ந்துவிடுகின்றது. 'இறந்தார் உயிர்த்தெழுதல்' என்னும் கொள்கையை, 'புதைத்த பிணம் எழுந்து நடக்கும் என்பர்' என ஒரு வாக்கியத்தில் முடித்து நகைத்துச் செல்வாரைச் சைவ மேடைகளிற் பன்முறை கேட்டிருக்கின்றோம். நகை விடையாகாது. திருநாவுக்கரசு சுவாமிகள் அரவு தீண்டி மாண்ட அப்பூதியடிகள் மகனை எழுப்பியருளியதனையும், திருஞானசம்பந்தப் பெருமான் மயிலையில் எலும்பும் சாம்பரும் அடைத்த குடத்தினின்று பூம்பாவையை அழைத்தருளியதனையும் கேட்டுக் கண்ணீர் பெருக்கும் நாம், 'இறந்தது எழுமோ' என்று நகைத்தல் யாங்ஙனம் பொருந்தும்? ஆதலின், விவிலிய நூல் மறுமையைப் பற்றி யாது கூறுகின்றது, ஆண்டு எழுவது யாது என்பதனை அந்நூல் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். தமிழ் விவிலியத்தைக் கையிலெடுக்கும் சைவர், ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே, கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி அவன் நாசியில் உயிர்மூச்சை ஊத, அவன் 'ஜீவாத்துமா' ஆயினான் என்னும் செய்தியைக் காண்பர். பழைய மொழிபெயர்ப்பில் நிற்கும் சொல் அது. ஆத்துமா என்ற அளவில், அநாதியாய், அழிவிலதாய், மலத்தாற் பிணிப்புண்டு உடலின் வேறாய் நிற்கும் பசுவே நம் நினைவில் எழுகின்றது. எபிரேய மூலத்திலுள்ள சொல்லோ நெபெஷ் என்பது. அதற்குத் தொண்டை, மூச்சு, உயிர், உயிருடைய ஆள் எனப் பொருள் விரியும். மனிதனுக்கு நெபெஷ் ஒன்று கொடுக்கப்பட்டதென்று அந்நூல் கூறவில்லை. மண்ணும் மூச்சும் கூடிய மனிதன்தானே நெபெஷ் ஆயினான் என்று கூறுகின்றது. விலங்குகளுக்கும் அச்சொல்லே வழங்கும். நசரேய நோன்பு பூண்டவன் பிணத்தை அணுகலாகாதென விதிக்கும் எண்ணாகமப் பகுதியில் பிணத்தைக் குறிப்பதும் அச்சொல்லே. பாவஞ் செய்யும் நெபெஷ் சாகும் என்பர் எசேக்கியேல். நம் நூல்வழக்கில் 'ஆன்மா சாகும்' என்பது மலடி மைந்தன் என்பதுபோலும் முரண். ஆகவே, மொழிபெயர்ப்புத் தந்த ஒரு சொல்லைப் பற்றி நமது பசு இலக்கணத்தை அந்நூலின்மேல் ஏற்றி, பின்னர், 'அழியாத ஆன்மா நீங்கிச் சென்றதாயின் விட்ட உடல் எழுவதனாற் பயன் என்னை?' என்று கடாவுதல், அவர் கூறாததனைக் கூறினாராக வைத்து மறுத்தலேயாம்.

இனி, பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் மறுமை இன்பம் என ஒன்று விளங்கத் தோன்றுவதில்லை. இறந்தார், நல்லார் தீயார் என்னும் வேறுபாடின்றி, ஷெயோல் எனப்படும் கீழுலகிற் செல்வர். தமிழில் அதனைப் பாதாளம் என்பர். ஆண்டு இருளும் மோனமுமன்றித் துன்பமுமில்லை, இன்பமுமில்லை. கடவுளைத் துதித்தலும் இல்லை. நோயுற்ற எசேக்கியா மன்னன் தன்னைச் சாவினின்று காக்குமாறு வேண்டுங்கால், குழியில் இறங்கினார் நின்னைத் துதியார் என்பதனையே காரணமாகக் காட்டுகின்றான். சவுல் அரசன் குறிசொல்லும் மகளிடம் சென்று சாமுவேலை வரவழைத்தபோது, அம்முதியவர் மேலாடை போர்த்து எழுந்து, என் அமைதியை ஏன் குலைத்தாய் என்றே வினாவினர். இறந்தார் ஒன்றும் அறியார் எனப் பிரசங்கி என்னும் நூல் வெளிப்படக் கூறும். மக்கட்பேறும், நீண்ட வாழ்நாளும், முன்னோர் நிலத்தில் அடங்குதலுமே அம்மக்கள் அவாவிய பயன்கள். ஏறத்தாழ உலகாயதர் வாய்மொழி போலத் தோன்றும் இவற்றைத் தம் திருமறையினின்று நீக்காது வைத்துப் போற்றினமை அவர்தம் நேர்மையைக் காட்டும்.

இங்ஙனமிருந்த மக்களிடத்து உயிர்த்தெழுதல் என்னும் நம்பிக்கை எவ்வாறு புகுந்தது? கி.மு. ஆறாம் நூற்றாண்டிற் பாபிலோனுக்குச் சிறையாகச் சென்றாரிடையே வாழ்ந்த எசேக்கியேல், பள்ளத்தாக்கிற் கிடந்த உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று கூடி, நரம்பும் தசையும் தோலும் பெற்று, மூச்சுப் புகப் படையாக எழுந்து நிற்கக் கண்டனர். ஆயினும் அது சிதைந்த இசுரவேல் குலம் மீளுமென்பதற்குக் காட்டிய உருவகமென அப்பகுதியே உரைத்துவிடுகின்றது. தனிமனிதர் எழுவர் என ஐயமற மொழிவது தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். மண்ணில் உறங்குவாருட் பலர் விழிப்பர், சிலர் நிலைத்த வாழ்விற்கும் சிலர் நிலைத்த இகழ்ச்சிக்கும் என்பது அதன் பொருள். அந்நூல் இப்போதுள்ள வடிவிற் கி.மு. 167க்கும் 164க்கும் இடைப்பட்ட காலத்தில் அமைந்ததென்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. அக்காலத்திற்றான் நான்காம் அந்தியோக்கு என்னும் சிரிய நாட்டு மன்னன் எருசலேம் கோயிலை மாசுபடுத்தி, ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் விலக்கி, விலக்கை மீறினாரைக் கொன்றான். மக்கபேயர் இரண்டாம் நூல் அக்கொடுமையை விரிக்கும். பன்றியூன் உண்ண மறுத்த ஏழு புதல்வரையும் ஒரு தாயின் கண்ணெதிரே வதைக்கின்றனர். மூன்றாம் மகன் நாவையும் கைகளையும் தானே நீட்டி, இவை விண்ணவன் தந்தவை, மீள அவனிடத்துப் பெறுவேன் என்ற கருத்துப்படப் பேசுகின்றான். தாயோ, நீவிர் என் வயிற்றில் உருவாகியவாறு யான் அறியேன். உருவாக்கியவன் மீளத் தருவான் என்று தன் புதல்வரைத் தேற்றுகின்றாள். இந்நூலைக் கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையாரும் மறையாகக் கொள்வர். சீர்திருத்தச் சபையார் கொள்ளார்.

இவ்விடம் ஊன்றி நோக்கற்பாலது. அறத்திற்கு மாறாக நடந்தவனுக்குக் கேடு வருமென்பதே அவர் முன்னைக் கொள்கை. இங்கோ அறத்தைக் கைவிடாமையே கேட்டிற்குக் காரணமாயிற்று. இறந்த இளைஞர்க்கு மக்கள் இல்லை, நீண்ட வாழ்நாள் இல்லை, நிலம் பகைவனுடையது. இவர்க்குக் கடவுள் கடன்பட்டாரா இல்லையா என்பது வினா. நாமாயின் முன்னைவினை என்றும் இனிவரும் பிறப்பென்றும் விடையிறுப்போம். பிறப்பிறப்புச் சுழலை அறியாத அவர்க்கு அவ்விடை இல்லை. எனவே எந்த உடல் அறத்தின்பொருட்டு அறுப்புண்டதோ அந்த உடற்கே நீதி செய்யப்படல் வேண்டுமெனக் கொண்டனர். அங்ஙனம் அறக்கடன் குறித்துப் பிறந்த இக்கொள்கையைப் பிணத்தின்மேல் வைத்த ஆசையாற் பிறந்ததென எண்ணுவார் அதன் வேரைக் காணாதவராவர்.

இயேசுநாதர் காலத்து யூதரிடையே இது முடிந்த முடிபன்று. பரிசேயர் உடன்பட்டனர், கோயிற் குருமாரைச் சார்ந்த சதுசேயர் மறுத்தனர். சதுசேயர் அவரிடம் ஒரு வழக்கினைக் கொணர்ந்தனர். மகப்பேறின்றி இறந்தவன் மனைவியை உடன்பிறந்தான் மணத்தல் வேண்டுமென்பது மோசேயின் விதி. அவ்வாறு ஏழு சகோதரரையும் முறையே மணந்து இறந்த ஒருத்தி, எழுங்கால் யார்க்கு மனைவியாவாள் என்றனர். நம் தருக்க நூலார் வைக்கும் கடாவிற்கு இது தாழ்ந்ததன்று. அவர் விடை இரு பகுதித்து. எழுந்தார்க்குக் கொள்வதும் கொடுப்பதும் இல்லை, அவர் வானவர் போல்வர் என்பது ஒன்று. மற்றொன்று ஆழமுடையது: கடவுள் மோசேயிடம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பாரின் கடவுள் யாம் என்று தம்மைக் கூறிக்கொண்டார், அவர் செத்தார்க்குக் கடவுளல்லர் என்பது. இவ்விடையில் ஆன்மாவின் இயல்பு பற்றிய பேச்சே இல்லாமையைக் காண்க. உயிர் தன்னியல்பான் அழியாதது, ஆதலின் வாழும் என அவர் வாதிக்கவில்லை. ஆண்டவன் ஆட்கொண்டாரைச் சாவிற்கு விட்டுக்கொடான், ஆதலின் வாழ்வர் என்பதே வாதம். அடிமைத்திறம் பேசும் நம் அருளாளர் நெறியில் நிற்பார்க்கு இதன் சுவை விளங்கும்.

ஆயினும் அந்நூல் முழுதும் ஒரே குரலிற் பேசுகின்றதெனல் இயலாது. லூக்கா எழுதிய வரலாற்றிற் செல்வனும் ஏழை லாசருவும் இறந்தவுடனே, ஒருவன் தீயினும் ஒருவன் ஆபிரகாமின் மடியினும் இருக்கக் காண்கின்றோம். சிலுவையில் உடன் தொங்கிய கள்வனுக்கு அன்றே பரதீசு வாக்களிக்கப்படுகின்றது. வெளிப்படுத்தல் நூலோ கடலும் பாதாளமும் தம்மிடத்துள்ள இறந்தாரை இறுதிநாளில் ஒப்புவிப்பதனையும், ஆயிர ஆண்டு ஆட்சியினையும், இரண்டாம் மரணத்தையும் கூறும். இறந்த கணமே பயனோ, இறுதிநாளிற் பயனோ என்னும் வினா இதனால் எழுந்து, பல நூற்றாண்டு சென்றும் தீராதாயிற்று. 1331இல், இருபத்திரண்டாம் யோவான் என்னும் போப்பே, தூயோரும் இறுதித் தீர்ப்பிற்கு முன் கடவுளை நேரிற் காணார் எனப் போதித்து, எதிர்ப்புக் கிளர, 1334இல் மரணப் படுக்கையில் அதனை மீட்டுக்கொண்டனர். அவர்க்குப் பின்வந்த பன்னிரண்டாம் பெனெதிக்து 1336இல், முற்றத் தூயராயினார் உடல் எழுமுன்னரே கடவுட் காட்சி பெறுவர் என வரையறுத்தனர். இவ்வரையறை கத்தோலிக்க சபைக்குரியதே.

இனி, எழுதல் என்பது விவிலியத்தில் இரு வகைத்து என்பதனை நம்மவர் பலர் பிரித்தறிவதில்லை. எலியா, எலிசா என்பார் எழுப்பிய சிறுவர், நாயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகன், யவீரு மகள், நான்கு நாட் கல்லறையிற் கிடந்த பெத்தானியா லாசரு ஆகிய இவர்கள் பண்டை உடலோடு பண்டை வாழ்விற்கு மீண்டவர், மீளவும் இறத்தற்குரியவர். பூம்பாவையார் எழுந்ததும் இவ்வகையினதே. அவர் கன்னிமாடத்திருந்து நோற்றுப் பின்னரே சிவபதம் அடைந்தனர். இயேசுநாதர் எழுந்ததாக அந்நூல் கூறுவதோ இதனின் வேறு. மதலேன் மரியாள் அவரைத் தோட்டக்காரன் என நினைக்கின்றாள். எம்மாவு செல்லும் வழியில் உடன் நடந்த சீடர் இருவர் உணவிற் கூடும்வரை அறிகின்றிலர். பூட்டிய கதவினுள்ளே வந்து நிற்கின்றார். அவரே பொரித்த மீனை வாங்கி உண்கின்றார். ஐயுற்ற தோமாவிற்குக் கையிலும் விலாவிலும் உள்ள வடுக்களைக் காட்டுகின்றார். அறியப்படாமையும் அறியப்படுதலும், தடையின்மையும் தொடப்படுதலும் ஒருங்கே கூறப்படுகின்றன. ஒழுங்காகக் கதை கட்டுவார் இம்முரணை நீக்கியிருப்பர். மாற்கு எழுதிய வரலாற்றின் மிகப் பழைய முழுச்சுவடிகளாகிய நான்காம் நூற்றாண்டின் சினாயிச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டிலும், பெண்டிர் வெறுங்கல்லறை கண்டு அஞ்சி ஓடி, ஒருவரிடமும் ஒன்றும் கூறாதிருந்தனர் என்பதோடு நூல் நின்றுவிடுகின்றது. காட்சிகளைக் கூறும் பின்பகுதி ஆண்டு இல்லை. ஒரு சமயத்தின் தலையாய செய்தி அச்சத்தோடு முடியும் அவ்விடம் எமக்கு வியப்பைத் தருவது.

பிறிதொன்றும் கருதத்தக்கது. கி.மு. 399இல் ஏதென்சு நகரச் சோக்கிரதர் நஞ்சினை இனிய பானம்போல் உண்டு, அழுத மாணாக்கரைக் கடிந்து இறந்தமையைப் பிளேட்டோ எழுதினர். ஆன்மா உடற்சிறையினின்று விடுபடுமென்பது அவர் துணிபு. இயேசுநாதரோ லாசருவின் கல்லறையில் அழுதார். தம் சாவு நெருங்கிய இரவிற் கலங்கி, இப்பாத்திரம் தம்மைவிட்டு நீங்குமாறு வேண்டினார். ஆசுக்கார் குல்மன் என்னும் மறைவல்லார் 1955இல் ஆர்வர்டுப் பல்கலைக் கழகத்திற் செய்த விரிவுரையில் இவ்விரு சாவுகளையும் எதிரெதிர் நிறுத்தி, ஆன்மாவின் அழியாமை கிரேக்கர் கொள்கை, உயிர்த்தெழுதல் புதிய ஏற்பாட்டின் கொள்கை, இரண்டும் ஒன்றல்ல என வாதித்தனர். அதனாற் கிறித்தவருள்ளேயே பெருஞ்சினம் எழுந்தது. எமக்கு அவர் பிரிவினை சற்று மிகையாகவே தோன்றுகின்றது. அலெக்சாந்திரியச் சார்பினதாகிய சாலமோன் ஞானநூல் நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுள் கையில் உள்ளன எனக் கூறுமன்றோ? ஆயினும் சாவை நண்பனாக அன்றிப் பகைவனாகவே அந்நூல் காண்கின்றதென அவர் காட்டியது உண்மை. பவுலடியார் ஏதென்சில் நின்று பேசியபோது கேட்டார் சிலர் நகைத்தது, உயிர்த்தெழுதல் என்னும் சொல் வந்தவிடத்தேயாம். இன்று நம் மேடையில் எழும் நகை அன்று ஆண்டெழுந்த நகையே.

இனிப் பவுலடியார் கொரிந்தியர்க்கு ஏறத்தாழ கி.பி. 54இல் வரைந்த முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம் இப்பொருட்கு உயிர்நிலை. எவ்வகை உடலோடு எழுவர் என வினவுவானை அறிவிலி எனக் கடிந்து, அவர் வித்தினை உவமை காட்டுகின்றார். விதைப்பது முளைக்கும் பயிரன்று, வெறும் மணி. அது மடிந்தாலன்றி உயிர்பெறாது. கடவுள் தாம் விரும்பியவாறு அதற்கு உடல் கொடுக்கின்றார் என்பது கருத்து. அழிவுள்ளது விதைக்கப்பட்டு அழிவற்றது எழும். தமிழ்ப் பழம்பெயர்ப்பு முன்னதனை 'ஜென்ம சரீரம்' என்றும் பின்னதனை 'ஆவிக்குரிய சரீரம்' என்றும் வழங்கும். மாமிசமும் இரத்தமும் கடவுளாட்சிக்கு உரிமை பெறா என்றும் வெளிப்படையாகக் கூறிவிட்டார். ஆகவே புதைத்த ஊனே எழும் என்பதன்று அவர் கொள்கை. பின்னர் மேலைத்திருச்சபையின் அப்போத்தலர் விசுவாச அறிக்கை 'ஊனின் எழுதல்' எனச் சொல்லமைத்தது. 381ஆம் ஆண்டுக் கொன்சுதாந்தினோப்பிள் மாமன்றத்தோடு சார்த்தி வழங்கும் அறிக்கையோ 'இறந்தாரின் எழுதல்' என்றது. இச்சொல்வேறுபாட்டினிடையே பல பூசல்கள் அடங்கியுள்ளன.

ஊன் என்று கொண்டார்க்கு வந்த இடர் சிறிதன்று. ஒருவன் ஊனைப் பிறனொருவன் உண்டு அது தன் ஊனாயின், இறுதிநாளில் அது யார்க்குரியது? அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்னும் தம் பெருநூலின் இருபத்திரண்டாம் பகுதியில், முதலில் எவனிடத்து மனித ஊனாயிற்றோ அவனுக்கே அது மீளும், உண்டவன் கடன் வாங்கியவன் என விடை கூறினர். வழக்குமன்றத் தீர்ப்புப்போலும் இவ்விடை, பவுலடியாரின் வித்து உவமையை மறந்த விடை. உடல் எரித்தலை 1886இற் கத்தோலிக்க சபை விலக்கியதும், 1963இல் அவ்விலக்கை நீக்கியதும் இதனோடு தொடர்புடையன; எரித்த சாம்பரைச் சிதறலாகாது என 2016இல் வந்த ஆணையும் அதன் எச்சம்.

இனி எம் கடாவினை வைப்பாம். மடிந்த மணிக்கும் முளைத்த பயிருக்கும் இடையே தொடர்ச்சி உண்டு; முளைக்கும் ஆற்றல் மணியினுள்ளே கிடந்தது. பவுலடியார் கூறும் மனிதனிடத்து அவ்வாற்றலாய் நிற்பது யாது? ஊன் அன்று, அது மண்ணாயிற்று. அழியா ஆன்மா எனின், அது மூலநூற் சொற்பொருளில் இல்லை. கடவுளின் ஆற்றலே எனின், அவர் புதிதாய்ப் படைத்தது பழைய மனிதனே என்பதற்குச் சான்று யாது? ஒத்த உருவும் ஒத்த நினைவும் உடையான் ஒருவனைப் படைத்து, இறந்தவன் செய்த பிழைக்கு அவனை ஒறுத்தல் நீதியாகாது. இறந்தவன் பட்ட துன்பத்திற்கு அவனை மகிழ்வித்தலும் கடன் தீர்த்ததாகாது. ஏழு புதல்வர்க்கு நீதி வேண்டியே எழுந்த கொள்கை, எழுவான் அவனேயென்பது நிறுவப்படாதவிடத்துத் தன் வேரையே இழக்கும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்திற் போக்குவரவு கூறுமிடத்து, தோலுரிக்கும் பாம்பினையும் கனவு விட்டு நனவிற் புகுவானையும் உவமையாக எடுத்தது இம்முடிச்சை அவிழ்த்தற்கே. தன்மாத்திரை ஐந்தும் மனம் புத்தி அகங்காரமும் ஆகிய புரியட்டகம் பருவுடல் வீழ்ந்துழியும் வீழாது வினைப்பயனைக் கொண்டு செல்ல, ஆன்மா அதனோடு சென்று வேறுடல் எடுக்கும். உடல் வேறு, எடுப்பவன் ஒருவன். ஆகவே செய்தவனே துய்க்கின்றான்.

இங்ஙனம் கூறுங்கால் எதிர்க்கடா ஒன்று நம்மேல் வரும். அதனையும் மறைத்தல் கூடாது. துய்ப்பவன் தான் செய்ததனை நினையானாயின், அவனே செய்தான் என்பதனாற் பயன் என்னை? தோமா கண்ட வடுக்கள் எழுந்தவரை இன்னாரெனக் காட்டின. நம் மறுபிறப்பில் வடு யாது? நேற்றுக் கண்ட கனவே இன்று மறந்ததாயினும் கண்டவன் நானல்லேன் என ஒருவரும் கூறார். நினைவு கருவிகளின் தொழில், கருவி மாறுங்கால் அது மறையும், ஆன்மா மாறாது என்பது நம் விடை. வடுவாக நிற்பது விருப்பு வெறுப்புக்களின் வாசனை. இவ்விடை எமக்கு அமைவுடையது. மகனை இழந்த தாய்க்கு அமையுமோ என்று எம்மிடம் பாடங் கேட்கும் இளைஞர் ஒருவர் வினாவினர். அவளுக்கு வேண்டுவது ஆன்மாவின் தொடர்ச்சியன்று, அந்த முகம். விவிலியம் அம்முகத்தை வாக்களிக்கின்றது, சித்தாந்தம் வாக்களிப்பதில்லை. பொய்யாகத் தேற்றுதல் நம் நூலின் செயலன்று என்பதற்குமேல் அவருக்கு யாம் ஒன்றும் கூறவில்லை.

யோவான் எழுதிய வரலாற்றிற் பிறவிக்குருடனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமோ இவன் பெற்றோர் செய்த பாவமோ என்று கேட்கின்றனர். பிறக்குமுன் இவன் பாவஞ் செய்தல் யாங்ஙனம் என்பது நோக்கி, இது மறுபிறப்புக் கொள்கைக்குச் சான்று என நம்மவருட் சிலர் இதனை எடுத்தாள்வதுண்டு. விடையை அவர் படிப்பதில்லை. இயேசுநாதர் இரண்டனையும் மறுத்து, கடவுளின் செயல் இவனிடத்து வெளிப்படவே என்று கூறிக் கண்ணைத் திறந்தார். சான்றென எடுத்தார்க்கு இப்பகுதி பகையேயாம். பிறன் துன்பத்தைக் கண்டவிடத்து 'அவன் வினை' எனக் கூறி அகலுதல் நம்மிடத்துப் பெருகிய வழக்கு. தன் துன்பத்தைத் தன் வினையென உணர்ந்து ஆற்றுதற்கே வினைக்கொள்கை கருவி. பிறன் துன்பத்தை அளத்தற்கு அது துலாக்கோலன்று. உயிர்க்கு இரங்கி உதவுதலும் சிவபுண்ணியமாதலின், அக்குருடனுக்கு முன் நாம் நின்றிருப்பின் செய்யற்பாலதும் அவர் செய்ததேயன்றிச் சீடர் செய்ததன்று.

ஆயினும் ஒரே பிறப்பு என்பதன்கண் உள்ள இடர் அதனால் நீங்காது. மனிதர்க்கு ஒருமுறை இறத்தலும் பின் தீர்ப்பும் விதிக்கப்பட்டன என எபிரேயர் நிருபம் கூறும். நாலைந்து ஆண்டோ நாற்பது ஆண்டோ கொண்ட ஒரு வாழ்வின்மேல் முடிவில்லாக் காலம் நிறுத்தப்படுகின்றது. கருவிலும் தொட்டிலிலும் இறந்தாரை என்செய்வது? அகுஸ்தீனார் அவர் வளர்ந்திருப்பின் எவ்வளவினராவரோ அவ்வளவினராய் எழுவர் எனக் கூறினர். உடலின் அளவு இதனால் நிரம்பிற்று. வாழாத வாழ்வும், செய்யாத தெரிவும், அறியாத அன்பும் எங்ஙனம் நிரம்பும்? அவர்க்கு வேறொரு பிறப்பு வேண்டுமென நாம் கூறுவோம். வாழாதார் அருளாலேயே நிரம்புவர் எனக் கிறித்தவர் கூறுவாராயின், அதே அருள் வாழ்ந்து பிழைத்தாரை ஏன் நிரப்பாது என்பது உடனே எழும். பவுலடியார் உரோமருக்கு வரைந்த நிருபத்தில் அருள் பற்றிக் கூறுவனவற்றை நம் சத்திநிபாதக் கொள்கையோடு வைத்து நோக்கியே அதற்கு விடை காணல் வேண்டும். அதனை வேறொரு கட்டுரையில் எழுதுவாம்.